உறவினர் கூடும் இரண்டு நாள்: குழந்தைகளைப் பேணும் முறை

ஒரு காலத்தில் நம் தோட்டங்களில் உறவினரைத் தேடிப் போக வேண்டிய தேவை இருந்ததில்லை. பெரியப்பா அடுத்த லயத்தில் இருப்பார். அத்தை ஆற்றுக்கு அப்பாலுள்ள டிவிஷனில் இருப்பார். அந்நிலை இன்று மாறிவிட்டது. ரப்பர் மரங்கள் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. சில தோட்டங்கள் துண்டாடப்பட்டன. சில வீடமைப்புத் திட்டங்களாயின. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுள் ஒருவர் இன்னும் பால் மரம் வெட்டுகிறார். மற்றொருவர் ஷா ஆலாமில் தொழிற்சாலைக்குச் செல்கிறார். இன்னொருவர் ஜொகூர் பாருவிலிருந்து நாள்தோறும் சிங்கப்பூருக்குப் பாலம் கடக்கிறார். இவர்களின் குழந்தைகள் ஒருவரையொருவர் கைப்பேசித் திரையில் மட்டுமே அறிந்திருக்கிறார்கள்.

ஆகவேதான் ஆண்டுக்கு ஒரு முறையேனும் மூத்தோர் வாழும் வீட்டில் குடும்பத்தார் அனைவரும் ஒன்றுகூடும் வழக்கம் பல குடும்பங்களில் தோன்றியுள்ளது. அது போற்றத்தக்க வழக்கம். ஆயினும் முப்பது பேர் ஒரு சிறு வீட்டில் இரண்டு நாள் தங்கும்போது சமையலும் பேச்சும் பெரியோரின் கவனத்தைக் கவர்ந்துகொள்கின்றன. சிறு குழந்தைகள் அக்கவனத்திலிருந்து நழுவிவிடுகின்றனர். இப்பாடத்தில், அத்தகைய ஒன்றுகூடலை எவ்வாறு திட்டமிடுவது, குழந்தைகளை எவ்வாறு காப்பது, அவர்களுக்கு அதனால் என்ன பயன் கிட்டச் செய்வது என்பவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

1. நாளும் நேரமும்

தீபாவளி, பொங்கல் நாள்களில் கூடுவது இயல்பு. எனினும் அந்நாள்களில் சாலை நெரிசல் மிகுதி. பொருள் விலையும் மிகுதி. ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் காலம் பெரும்பாலும் பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடைப்பட்டது. அப்போது பால் குறைகிறது. வெட்டுவோருக்கு வேலையும் தளர்கிறது. அக்காலத்தில் வரும் ஒரு வார இறுதியைத் தேர்ந்துகொண்டால் விருந்தளிக்கும் குடும்பத்துக்கு வருமான இழப்புக் குறையும்.

நகரத்திலிருந்து வருவோர் ஒன்றை மறத்தலாகாது. தோட்டத்தில் இருப்பவர் சனிக்கிழமை விடியற்காலையிலேயே பெரட்டுக்குப் போய், பால் நிறுத்து முடித்து, நண்பகலுக்கு மேல்தான் வீடு திரும்புவார். ஆகவே சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு வந்து சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணிக்குப் புறப்படுவது இரு தரப்பாருக்கும் ஏற்றதாகும். வெளியார் வாகனங்கள் பல வருவதால், தோட்ட அலுவலகத்துக்கும் வாயிற்காவலருக்கும் முன்கூட்டியே தெரிவித்துவிடுதல் நன்று.

2. செலவைப் பகிர்தல்

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு தாத்தா பாட்டிக்கு ஆறு மக்கள். அவர்களுள் ஐவர் மணமானவர், ஒருவர் மணமாகாதவர். ஆகப் பெரியோர் 13 பேர். பேரப்பிள்ளைகள் 19 பேர். அவர்களுள் ஏழு வயதுக்கு உட்பட்டோர் எண்மர். மொத்தம் 32 பேர். ஒரு வேளைச் சோற்றுக்கு எட்டுப் பேருக்கு ஒரு கிலோ அரிசி எனக் கொண்டால் 4 கிலோ வேண்டும்.

இரண்டு நாள் செலவு 990 வெள்ளி எனக் கொள்வோம். மணமான ஐந்து குடும்பங்களுக்கு ஒவ்வொரு பங்கும் மணமாகாதவருக்கு அரைப் பங்குமாகப் பிரித்தால், ஒரு பங்கு 180 வெள்ளியாகும். இது கணக்கில் சரி. ஆனால் நியாயத்தில் குறையுடையது. பெற்றோருடன் தோட்டத்தில் வாழும் மகன் வீட்டைத் தருகிறார். தண்ணீரும் மின்சாரமும் தருகிறார். அவர் மனைவி உழைப்பையும் தருகிறார். ஆகவே அக்குடும்பத்தை விலக்கிப் பிறர் பகிர்ந்துகொள்வதே முறை. அப்போது ஒரு பங்கு 220 வெள்ளி. மணமாகாதவருக்கு 110 வெள்ளி. நகரத்தில் இருப்பவர் மிகுதியாகவும் கையில் பணமில்லாதவர் குறைவாகவும் தர விரும்பினால், ஒரு மூடிய பெட்டியில் இடச் செய்க. யார் எவ்வளவு இட்டார் என்பது பேச்சாகக் கூடாது. பணப் பேச்சால் அடுத்த ஆண்டு வராமற்போன உறவுகள் பல.

மருமகள் ஒருவரே இரண்டு நாளும் அடுப்படியில் நிற்பது ஒன்றுகூடலாகாது. ஒவ்வொரு வேளைச் சமையலுக்கும் ஒவ்வொரு குடும்பம் பொறுப்பேற்க வேண்டும். அதில் ஆண்களும் சேர்ந்தவரே.

3. குழந்தைகளுக்கு ஒரு பெரட்டு

இப்பாடத்தின் இன்றியமையாத பகுதி இதுவாகும். ஒரு வீட்டில் இரண்டு பெரியோர் இருக்கும்போது குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார் என்பது தெளிவாக இருக்கும். பதின்மூன்று பெரியோர் இருக்கும்போது அது மறைந்துவிடுகிறது. தாய், குழந்தை சித்தப்பாவிடம் இருக்கிறது என எண்ணுகிறாள். சித்தப்பா, அது பாட்டியிடம் போயிற்று என எண்ணுகிறார். பாட்டியோ அது உறங்குகிறது என எண்ணுகிறார். எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள் என்னும் நம்பிக்கை, முடிவில் ஒருவரும் பார்க்காத நிலையில் கொண்டுபோய் விடுகிறது.

இதற்குரிய மாற்றுவழி நம் தோட்ட வாழ்க்கையிலேயே உள்ளது. நாள்தோறும் காலையில் மண்டோர் பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணாமல் வேலை தொடங்குவதில்லை. அம்முறையையே குழந்தைகளுக்கும் கையாளலாம்.

முதலாவதாக, ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுக. பசியாறும் வேளை, பகலுணவு வேளை, விளக்கு வைக்கும் வேளை, உறங்கும் வேளை ஆகிய நான்கு வேளையும் பெயர் கூப்பிட்டு எண்ணுக.

இரண்டாவதாக, எந்நேரமும் இரண்டு பெரியோர் காவல் முறையில் இருக்கட்டும். மேற்சொன்ன குடும்பத்தில் சனிக்கிழமை பிற்பகல் 2 முதல் இரவு 9 வரை ஏழு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை காலை 7 முதல் மாலை 4 வரை ஒன்பது மணி நேரம். ஆக 16 மணி நேரம். இருவர் வீதம் 32 முறைகள் வருகின்றன. தாத்தா பாட்டியை விடுத்து 11 பேர் பகிர்ந்துகொண்டால் ஒருவருக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரமே. இரண்டு நாளில் மூன்று மணி நேரம் எவருக்கும் பெருஞ்சுமையன்று. பகிராவிட்டால் 16 மணி நேரமும் தாய்மார்கள் தலையிலேயே விழும்.

மூன்றாவதாக, காவலில் இருப்பவர் தோளில் ஒரு சிவப்புத் துண்டை அணிந்துகொள்ளட்டும். முறை முடிந்ததும் அதை அடுத்தவர் கையில் கொடுத்து, "எட்டுப் பேர், எண்ணிவிட்டேன்" எனச் சொல்லி ஒப்படைக்க வேண்டும். துண்டை அணிந்திருக்கும்போது கைப்பேசி பார்த்தலும் சீட்டாடுதலும் கூடா. மது அருந்தியவர் துண்டை வாங்கவே கூடாது. பத்து வயதுப் பெண்பிள்ளையிடம் கைக்குழந்தையை ஒப்படைத்துவிட்டுப் பெரியோர் அகலுவதும் காவலாகாது. சிறுவர்களைத் தக்க மேற்பார்வையின்றி விட்டுச் செல்வது 2001ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின்படி குற்றமாகும் என்பதையும் அறிந்திருத்தல் நலம்.

4. வீட்டைச் சுற்றியுள்ள ஆபத்துகள்

தோட்டத்துக் குழந்தை தன் லயத்தைச் சுற்றியுள்ள இடங்களை அறியும். நகரத்துக் குழந்தை அறியாது. ஆகவே விருந்தினர் வருமுன் வீட்டாரே ஒரு முறை சுற்றிப் பார்த்தல் வேண்டும்.

தண்ணீர்: சிறு குழந்தை மூழ்குவதற்கு ஆழமான ஆறு தேவையில்லை, ஒரு வாளித் தண்ணீரே போதும். குளியலறைத் தொட்டி, வாளி, கிணறு, பெரிய கால்வாய் ஆகியவற்றைக் கவனிக்க. வாளிகளைக் கவிழ்த்து வைக்க, கிணற்றை மூடுக. மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கூச்சலிடுவதில்லை, ஓசையின்றியே மூழ்கும்.

நச்சுப் பொருள்: பால் உறையவைக்கப் பயன்படும் பார்மிக் அமிலமும், களைக்கொல்லி மருந்தும் சில வீடுகளில் பழைய பான போத்தல்களில் இருப்பதுண்டு. நிறத்தைக் கண்டு குழந்தை அதனை இனிப்புப் பானம் என எண்ணும். பாராகுவாட் என்னும் களைக்கொல்லி 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. பழைய போத்தல் எஞ்சியிருந்தால் அதை வீட்டில் வைத்திருத்தல் ஆகாது. தோட்ட அலுவலகத்தில் சொல்லி முறைப்படி அகற்றுக. குழந்தை எதையேனும் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள்; அமிலம் மேலேறி வரும்போது தொண்டையை மீண்டும் புண்ணாக்கும். வாயைக் கழுவி, அந்தப் போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அவசர உதவிக்கு அழைக்க வேண்டிய எண் 999.

நெருப்பு: விருந்துக்காக வெளியில் வைக்கும் பெரிய அடுப்பு தரையோடு தாழ்ந்திருக்கும். அதைச் சுற்றிக் கயிறு கட்டிக் குழந்தைகளை விலக்குக. சுட்ட புண்ணை ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுக. பற்பசை, கிச்சாப்பு போன்றவற்றைப் பூசுதல் கேடு விளைவிக்கும்.

வாகனம்: முற்றத்தில் ஏழெட்டுக் கார்கள் நிற்கும். பின்னோக்கி வரும் காருக்குப் பின்னே தவழும் குழந்தையை ஓட்டுநரால் காண இயலாது. எந்த வாகனமும் அசையுமுன் துண்டு அணிந்தவர் குழந்தைகளை எண்ணி, "போகலாம்" எனச் சொன்ன பிறகே இயந்திரத்தை முடுக்க வேண்டும்.

கொசு: மழைநீர் தேங்கிய மங்குகளும் டயர்களும் ஏடிஸ் கொசுவுக்குப் பிறப்பிடம். முட்டை கொசுவாவதற்கு ஏறத்தாழ 7 முதல் 10 நாள் ஆகும். ஆகவே ஒன்றுகூடலுக்கு இரண்டு வாரம் முன்னரே தொடங்கி வாரந்தோறும் தண்ணீரைக் கொட்டிவிடுக. முந்திய நாள் மட்டும் செய்வதால் பறக்கும் கொசு குறையாது.

5. உணவும் நோயும்

ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் தருதல் ஆகாது. ஆறு மாதம் வரை தாய்ப்பாலே போதும். பாட்டிமார்கள் அன்பினால் விரலில் தொட்டு வைக்கும் பழக்கத்தைப் பணிவோடு தடுக்க வேண்டும்.

ரம்புத்தான், டுக்கு, திராட்சை, வேர்க்கடலை, முறுக்குத் துண்டு ஆகியவை ஐந்து வயதுக்கு உட்பட்டோரின் தொண்டையில் சிக்கக் கூடியவை. கொட்டையை நீக்கி, சிறு துண்டாக்கி, உட்கார்ந்த நிலையில் உண்ணச் செய்க. விளையாட்டுப் பொருள்களில் உள்ள வட்ட வடிவச் சிறு மின்கலத்தை விழுங்கிய குழந்தையை ஒரு நொடியும் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. அது இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரிக்கத் தொடங்கும்.

காலையில் சமைத்த கறியை மாலை வரை வெளியில் வைத்து உண்பது வயிற்றுப் போக்குக்கு வழி. தேங்காய்ப்பால் சேர்த்த உணவு விரைவில் கெடும். இரண்டு மணி நேரத்துக்குள் உண்டு முடிக்கும் அளவே பரிமாறுக. எஞ்சியதைக் குளிரூட்டியில் வைத்து, மீண்டும் நன்றாகக் கொதிக்கச் செய்து உண்க.

காய்ச்சல், கை கால் வாய் நோய், கடும் இருமல் உள்ள குழந்தையை அழைத்து வராதிருத்தல் உறவுக்குச் செய்யும் உதவியாகும். கைக்குழந்தையைத் தூக்குமுன் யாவரும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுக.

6. உறங்கும் இடம்

ஒரு கூடமும் இரண்டு அறைகளும் உள்ள வீட்டில் 32 பேர் படுக்க இயலாது. அண்டை வீடுகளையோ, நிர்வாகத்தின் அனுமதியோடு தோட்ட மண்டபத்தையோ கேட்டுப் பெறுக. குழந்தைகள் தத்தம் தாய் தந்தையருகிலேயே படுத்துறங்க வேண்டும். கைக்குழந்தையைப் பெரியோர் நெருக்கமாகப் படுத்திருக்கும் பாயில் இடையே கிடத்தாமல், தனி இடத்தில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். தலையணையும் போர்வைக் குவியலும் முகத்தருகே வேண்டா.

இங்கே நாம் கூசாமல் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குழந்தைக்கு விருப்பமில்லாதபோது, "மாமாவுக்கு முத்தம் கொடு" என வற்புறுத்தாதீர்கள். வணக்கம் சொன்னாலே மரியாதை நிறைவடைகிறது. தன் உடலைப் பிறர் தொடுவது பிடிக்கவில்லையெனில் அதைச் சொல்லலாம் என்றும், சொன்னால் தாய் நம்புவாள் என்றும் குழந்தை அறிந்திருக்க வேண்டும். குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் பற்றி 2017இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டுள்ளது. உறவினர் என்பதனால் எவருக்கும் அதில் விலக்கில்லை. குடும்ப மானம் கருதிக் குழந்தையின் வாயை அடைப்பது பெருந்தீங்காகும்.

7. உறவுமுறைப் பாடம்

குழந்தைகளைக் காத்தால் மட்டும் போதாது. அவர்கள் ஏதேனும் பெற்றுச் செல்லவும் வேண்டும். இன்று பல குழந்தைகள் எல்லாரையும் "அங்கிள்", "ஆண்டி" என்றே அழைக்கின்றனர். தமிழ் உறவுச் சொல் அதனினும் மிகுதியாகச் சொல்கிறது. பெரியப்பா என்றால் தந்தைக்கு மூத்தவர். சித்தப்பா என்றால் இளையவர். அத்தை தந்தை வழி. மாமா தாய் வழி. சித்தப்பாவின் மகள் தங்கையாகவும் மாமாவின் மகன் மச்சானாகவும் ஆவது ஏன் என்பதைக் குழந்தை ஒரு முறை புரிந்துகொண்டால், தன் குடும்பத்தின் அமைப்பையே புரிந்துகொள்ளும்.

இதற்கு ஒரு விளையாட்டு உண்டு. ஒரு பெரிய மணிலா அட்டையில் தாத்தா பாட்டியின் பெயரை அடிமரமாகவும், மக்கள் பெயரைக் கிளைகளாகவும் வரைக. பேரப்பிள்ளைகளின் பெயரை இலை வடிவத் தாளில் எழுதிக் கலந்துவிடுக. ஒவ்வொரு குழந்தையும் ஒரு இலையை எடுத்து, அதற்குரியவரைத் தேடிச் சென்று, "நான் உங்களை எப்படி அழைக்க வேண்டும்?" எனக் கேட்டறிந்து, பின் உரிய கிளையில் ஒட்ட வேண்டும். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். வெட்கப்பட்டு ஒதுங்கி நின்ற நகரத்துக் குழந்தையும் தோட்டத்துக் குழந்தையும் அதற்குள் நண்பர்களாகியிருப்பர்.

8. மூத்தோர் நினைவு

இந்தியாவிலிருந்து உதவிபெற்றுத் தொழிலாளர் வருவது 1938இல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன் கங்காணிமாரோடு கப்பலேறி வந்தவர்களை இன்று காண்பது அரிது. ஆனால் அவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த மக்கள் இன்று எண்பது வயதை ஒட்டி நம்மிடையே வாழ்கிறார்கள். அவர்களும் மறைந்தால், எந்த ஊரிலிருந்து வந்தோம், முதலில் எந்தத் தோட்டத்தில் இறங்கினோம், சயாம் மரண ரயில் பாதைக்கு 1942, 1943ஆம் ஆண்டுகளில் நம் குடும்பத்தில் யார் போனார், யார் திரும்பவில்லை என்பவற்றைச் சொல்ல ஒருவரும் இரார். லயங்கள் இடிபடலாம், தோட்டத்தின் பெயரே மறையலாம். எழுதி வைத்தது நிற்கும்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரத்தை மூத்தோருக்கென ஒதுக்குக. பத்து வயதுக்கு மேற்பட்ட பேரப்பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும். ஒருவர் ஒலிப்பதிவு செய்யட்டும். மற்றொருவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும். "அக்காலம் எப்படி இருந்தது?" எனப் பொதுப்படக் கேட்டால் விடை வராது. "உங்கள் தாய் எந்த நேரத்தில் எழுந்தார்? ஆயா கொட்டகையில் உங்களைப் பார்த்துக்கொண்டவர் யார்?" எனக் குறிப்பாகக் கேட்க. பழைய நிழற்படங்களின் பின்புறத்தில் பெயரும் ஆண்டும் பென்சிலால் எழுதுக.

அதே வேளையில் பெரியோர் மற்றொரு கடமையைச் செய்யலாம். குடும்பத்துக் குழந்தைகள் அனைவருக்கும் பிறப்புச் சான்றிதழ் உண்டா, 12 வயது நிறைந்தோர் அடையாள அட்டை எடுத்துவிட்டனரா எனக் கேட்டறிக. பத்திரமில்லாத பிள்ளை பள்ளியிலும் மருத்துவமனையிலும் படும் துன்பம் பெரிது. விவரம் தெரிந்த சித்தப்பா ஒருவர் தேசியப் பதிவுத் துறைக்கு உடன் சென்றால், தனியாகச் செல்லத் தயங்கும் தாய்க்குத் துணையாக இருக்கும்.

9. பிரியும் நேரம்

புறப்படுமுன் இறுதியாக ஒரு முறை பெயர் கூப்பிட்டு எண்ணுக. குழந்தை இருக்கை காரில் கட்டாயம் என்பது 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நடப்பிலுள்ள விதி. "பக்கத்து ஊர்தானே" என மடியில் வைத்துக்கொண்டு செல்லாதீர்கள். மது அருந்தியவர் அன்று ஓட்டக் கூடாது. அவருக்குப் பாயும் தலையணையும் கொடுத்து மறுநாள் அனுப்புவதே உண்மையான விருந்தோம்பல்.

வீட்டைத் துப்புரவு செய்யும் வேலையை விருந்தளித்த குடும்பத்துக்கு விட்டுச் செல்லாதீர்கள். மறுநாள் விடியற்காலை அவர் மீண்டும் தம் நிரைக்குப் போக வேண்டியவர். பாத்திரம் கழுவி, பாய் சுருட்டி, குப்பை அகற்றி, அடுத்த ஆண்டுக்குரிய நாளையும் குறித்துக்கொண்டு பிரிந்தால், அந்த வீட்டார் மறுமுறையும் மனமுவந்து கதவைத் திறப்பர்.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. உங்கள் குடும்பத்தில் ஏழு வயதுக்கு உட்பட்டோர் எத்தனை பேர்? கடந்த முறை கூடியபோது அவர்களைப் பார்த்துக்கொண்டவர் யார் எனப் பெயர் சொல்ல முடியுமா?

2. உங்கள் வீட்டில் அமிலமோ களைக்கொல்லியோ எங்கே, எந்தப் போத்தலில் உள்ளது? அது பூட்டி வைக்கப்பட்டுள்ளதா?

3. உங்கள் பிள்ளைகளுக்குத் தம் பாட்டனார் முதன்முதல் வேலை செய்த தோட்டத்தின் பெயர் தெரியுமா? அதைச் சொல்லக் கூடியவர் உங்கள் குடும்பத்தில் யார்?

4. விருந்தளிக்கும் வீட்டுப் பெண்கள், கூடியிருந்த இரண்டு நாளில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்து உறவினரோடு பேசினார்கள்?

இவ்வினாக்களை இன்று இரவே உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். மூன்றாவது வினாவுக்கு விடை தெரிந்தவர் ஒருவரே இருப்பாராயின், அடுத்த ஒன்றுகூடலுக்கு நாள் குறிப்பதில் தாமதம் வேண்டா.